வலிப்பு உண்டா என்று கேட்டார்கள்

எனக்கு எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கொப்பியில் எழுதிப் பழக்கமில்லாததால் வரி மேலும் கீழும் போகும், பிழையும் இருக்கும், மன்னிக்க வேண்டும். ஞாபகமும் முன்பு போல இல்லை. காலையில் பிரஷர் மாத்திரை போட்டேனா இல்லையா என்பதை மாத்திரை அட்டையைத் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். இருந்தாலும் எழுதச் சொன்னது என் மகள். "வாயால சொல்ல வேணாம். எழுதி வைங்க" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பது இதைப் படித்தால் விளங்கும்.

நான் கெலிஓயாவில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையில் இருக்கிறேன். பிறந்தது, வேலை செய்தது எல்லாம் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். கணவர் இறந்து பல வருஷம். பிள்ளை ஒருத்திதான். அவள் கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றபோது சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மாநகர சபையில் கிளார்க். டவுன்காரர்கள், சொந்த வீடு. மாப்பிள்ளையின் தாய், என் சம்பந்தியம்மா, பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக் கதிரையில் உட்காரும் முன் கைலேஞ்சியால் அதைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். தூசு இல்லை. நான் காலையில்தான் துடைத்திருந்தேன். அன்றைக்கு மூடின வாயை அதற்குப் பிறகு அந்த அம்மாவிடம் நான் திறந்ததில்லை. கூச்சம் எனக்குப் பிறவியிலேயே இருந்தது. அந்த வீட்டு வாசலில் அது இரண்டு மடங்காகிவிடும்.

அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். அலுமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய ஆஸ்பத்திரிக் காகிதத் துண்டு இருந்தது. மஞ்சளாகி, மடித்த இடத்தில் கிழிந்துபோய் இருந்தது. இங்கிலிஷில் எழுதியிருந்ததால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தெரியாது. என்னத்துக்காகத் தந்தார்கள் என்பது மட்டும் தெரியும். அதை எடுத்து அடுப்பில் போட்டேன். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எரிந்துபோனது.

அந்தத் துண்டு என்னவென்று சொல்ல வேண்டும். எனக்கு இருபத்திரண்டு வயதில் முதல் பிள்ளை வயிற்றில் வந்தது. எட்டாம் மாதம் கை, கால், முகம் எல்லாம் ஊதிப்போனது. கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் பட்டால் மண்டை பிளக்கிற மாதிரி இருக்கும். எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் என்றார்கள், நானும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஒருநாள் லயத்து வீட்டு வரிசைக்குப் பொதுவான குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றபோது கண் முன்னால் வெள்ளை வெள்ளையாகப் பறந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. கை கால் இழுத்ததாம், நாக்கைக் கடித்துக்கொண்டேனாம், வாயில் நுரை வந்ததாம். கொழுந்து லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லொறியில் இன்னொரு தடவை இழுத்ததாம். கண் விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது. பிள்ளையை எனக்குக் காட்டவில்லை. கேட்க வெட்கப்பட்டுக் கேட்காமலே வந்துவிட்டேன். ஆணா பெண்ணா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

லயத்துக்குத் திரும்பின பிறகு மாமியார் என் கையில் ஒரு கறுப்புக் கயிற்றைக் கட்டிவிட்டுச் சொன்னது இதுதான்: "வலிப்பு வந்துச்சுன்னு எவகிட்டயும் வாயத் தொறக்காத. நாளைக்கு உனக்கு ஒரு பொட்டப் புள்ள பொறந்தா எவன் கட்டுவான்?"

வலிப்புக்காரக் குடும்பம் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். எனக்கு அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வலிப்பு வந்ததில்லை. ஆனாலும் வரும் வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன். பதினோரு வருஷம் கழித்து என் மகள் பிறந்தாள். அப்போதும் பிரஷர் இருந்தது, மாத்திரையோடு படுக்கையில் வைத்திருந்து எடுத்தார்கள். அவளிடமும் நான் சொன்னதில்லை.

இனி கிளினிக்குக்கு வருகிறேன்.

மகள் முதல் பிள்ளை உண்டாகிப் பதிவுக்குப் போன அன்று சம்பந்தியம்மாவும் நானும் கூடப் போனோம். மிட்வைஃப் மிஸ்ஸி சிங்களப் பெண். தமிழை மெதுவாக, பிழையில்லாமல் பேசுவார். கர்ப்பிணி கார்டை மேசையில் விரித்து வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். மகளின் வயது, முந்திய நோய் வருத்தம், ஒப்பரேஷன் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அம்மா, உங்க குடும்பத்துல பிரஷர் இருக்கா? சீனி வருத்தம்?"

"எனக்குப் பிரஷர் இருக்கு மிஸ்ஸி" என்றேன்.

"இந்த வயசுல யாருக்குத்தான் இல்ல மிஸ்ஸி? எனக்குந்தான் இருக்கு" என்று சம்பந்தியம்மா சிரித்தார்.

மிஸ்ஸி எழுதினார். பேனாவைத் தூக்காமலே அடுத்ததைக் கேட்டார்: "பிள்ளை வயித்துல இருக்கிற நேரம் அம்மாவுக்குப் பிரஷர் கூடினதா? வலிப்பு வந்ததா?"

சம்பந்தியம்மாவின் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. வாங்கில் இடம் போதாமல் அப்படி நெருங்கி உட்கார்ந்திருந்தோம். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று வாயால்கூடச் சொல்லவில்லை. மிஸ்ஸி ஒரு சின்னக் கோடு போட்டார். அந்தக் கோட்டைத்தான் நான் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். சம்பந்தியம்மா ஐயரிடம் கேட்டு நாள் குறித்தார். அந்த நாள் கிளினிக் நாளாக வந்தது. மகள் தயங்கினாள். "அத்த, போன தடவ பிரஷர் கொஞ்சம் கூடன்னு மிஸ்ஸி சொன்னாங்க. கட்டாயம் வரச் சொன்னாங்க" என்றாள்.

"கிளினிக் அடுத்த கெழமையும் இருக்கும். இந்த நாள விட்டா இந்த மாசத்துல வேற நாள் இல்ல. பிரஷர் எங்க போயிறப் போகுது?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் வெற்றிலைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன்.

வளைகாப்பன்று டவுன் வீட்டில் நல்ல கூட்டம். மகளுக்குப் பச்சைப் பட்டு உடுத்தி, பூ வைத்து மணையில் உட்கார்த்தியிருந்தார்கள். முகம் உப்பி மினுமினுத்தது. "புள்ளத்தாச்சிக் களை வந்திருச்சு பாருங்க" என்றார்கள் வந்தவர்கள். எனக்கு மட்டும் அது களையாகத் தெரியவில்லை. கண் இமை இரண்டும் தண்ணீர் கட்டியிருந்தன. என் முகமும் அப்படித்தான் இருந்தது என்று எனக்கு நினைவு, குழாயடி வாளித் தண்ணீரில் பார்த்தது.

முதல் வளையலைச் சம்பந்தியம்மா எடுத்தார். கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும், சில மாதத்துக்கு முந்தி எடுத்த அளவு. ஏறவில்லை. விரல் மொழியிலேயே நின்றுவிட்டது.

"என்னடி இது, என் வீட்டுச் சோறு இப்புடியா ஒத்துக்கிச்சு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"கை வீங்குனா பொம்பளப் புள்ளதான்" என்றார் ஒருவர்.

"பொம்பளப் புள்ளன்னா மூஞ்சி வாடும். இவளுக்கு ஊதியில்ல இருக்கு. ஆம்பளப் புள்ள, எழுதி வச்சுக்கங்க" என்றார் இன்னொருவர்.

யாரோ தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார்கள். மகளின் கையைக் குவித்துப் பிடித்து, எண்ணெய் தடவி, ஒவ்வொன்றாக அழுத்தி ஏற்றினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நடுவில், "அத்த, எனக்குத் தல வலிக்குது. இங்க, நெஞ்சுக் குழிகிட்டயும் வலிக்குது" என்று வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"கேஸ்ட்ரிக். காலையில இருந்து சாப்பிடாம இருந்தா வராதா? ஒரு வாய் புளிச்சோறு தின்னு, சரியாப் போகும்." சம்பந்தியம்மா அவள் கன்னத்தில் சந்தனத்தைத் தடவிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "நான் படாத பாடா? என் மகன் எட்டாம் மாசத்துல பொறந்தவன். ரெண்டு கையிக்குள்ள அடங்குவான். பஞ்சுல சுத்தி வச்சு வளத்தேன். இப்ப ஆபீசுல கதிரையில உக்காந்து கையெழுத்துப் போடுறான்ல?"

என் முறை வந்தது. நானும் ஒரு வளையலை எடுத்தேன். மகளின் கையைப் பிடித்தபோது என் பெருவிரல் பதிந்த இடம் குழியாக நின்றது. எடுத்த பிறகும் குழி மேலே வரவில்லை. என் கையிலும் அப்படித்தான் குழி விழுந்தது. எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, இந்த நல்ல நேரத்தில், இது வலிப்பில் போய் முடியும் என்று நான் எப்படிச் சொல்வது? எண்ணெய் தடவி நானும் ஏற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் மருமகன் போன் செய்தார். மகளுக்கு வயிறு கல் மாதிரி இறுகி, இரத்தம் போகிறது என்றார். நான் கெலிஓயாவிலிருந்து பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நஞ்சு, அதுதான் நஞ்சுக்கொடி, பிள்ளைக்கு முந்தியே கர்ப்பப்பையிலிருந்து பிரிந்துவிட்டது என்றார்கள். பிள்ளைக்குப் போகிற இரத்தம் அப்படியே நின்றுவிட்டதாம். ஆண் பிள்ளை. இந்தத் தடவை நான் கேட்டேன், காட்டினார்கள். ரொம்பச் சின்னது. ஏழு மாதத்துக்கும் குறைவான அளவு என்று தாதி சொன்னார். நகம் இருந்தது.

மகளின் கையில் ஊசி ஏற்றுவதற்கு வளையல் கழற்ற வரவில்லை. துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக உடைத்திருக்கிறார்கள். மணிக்கட்டைச் சுற்றிக் கீறலும், வளையல் அழுத்தின தடமும் பல நாள் இருந்தது.

இனி எழுதுவதுதான் முக்கியம். நான் மறப்பதற்கு முன் சரியாக எழுதப் பார்க்கிறேன்.

பிரஷர் இறங்கும்வரை மகளை வாட்டில் வைத்திருந்தார்கள். நாலாம் நாள் மத்தியானம், பார்க்க விடுகிற நேரம், நானும் சம்பந்தியம்மாவும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். சம்பந்தியம்மா சாப்பாட்டுக் கூடையைத் திறந்துகொண்டே பேசினார். "கருவாடு கருவாடுன்னு அலைஞ்சா. உப்பு ஆகாதுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். தோட்டத்து நாக்கு, கேக்குமா? இப்ப என் பேரன்தானே போனான்." மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கண்ணீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் பிள்ளை திரும்பினார். யாழ்ப்பாணத்துப் பெண், வயது முப்பது இருக்கும்.

"கருவாட்டில ஒண்டும் இல்லை அம்மா. அவவில பழி போடாதேங்கோ. இது போன மாதம் தொடங்கின வருத்தம் இல்லை. பிள்ளை தங்கி முதல் மூண்டு நாலு மாதத்திலயே தொடங்கியிருக்கும். அப்ப ஒருதருக்கும் தெரியாது, அவவுக்கும் தெரியாது."

காகிதம் ஒன்றை எடுத்துப் படம் கீறிக் காட்டினார். நஞ்சு கர்ப்பப்பையில் ஒட்டும்போது அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள் கிளம்பி, வேர் மாதிரி, தாயின் இரத்தக் குழாய்களுக்குள் போக வேண்டுமாம். போய், இறுகி நெளிந்திருக்கிற அந்தக் குழாய்களின் சுவரைத் தளர்த்தி அகலமாக்க வேண்டுமாம். அப்போதுதான் பிள்ளை வளர வளர இரத்தம் தாராளமாக வரும். சிலருக்கு அந்த வேர் ஆழமாகப் போவதில்லை. குழாய் ஒடுங்கினபடியே நிற்கும். தாயின் உடம்பு அந்த நஞ்சை முழுக்க ஏற்றுக்கொள்ளாததும் ஒரு காரணம் என்கிறார்கள், எல்லாம் இன்னும் கண்டுபிடித்து முடியவில்லை என்றார்.

எனக்கு அது உடனே விளங்கியது. நான் தோட்டத்தில் கன்று மேட்டிலும் வேலை செய்தவள். தேயிலைத் துண்டை மண் பையில் நட்டு வைப்போம். சிலது மாதக்கணக்கில் இலை பச்சையாக நிற்கும், பிடித்துவிட்டது என்று நினைப்போம். பையைக் கிழித்துப் பார்த்தால் அடியில் வெள்ளையாக ஒரு முடிச்சுத்தான் இருக்கும். வேர் மண்ணுக்குள் போயிருக்காது. மேலே பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

டொக்டர் பிள்ளை மேலே சொன்னார். "இரத்தம் காணாத நஞ்சு சும்மா இராது அம்மா. சில பொருட்களைத் தாயின்ர இரத்தத்தில விடும். அது போற இடமெல்லாம் குழாயின்ர உள்பக்கத்தைப் பழுதாக்கும். குழாய் இறுகும், பிரஷர் ஏறும். சிறுநீரகத்தால புரதம் கசியும். தண்ணி குழாயை விட்டு வெளியில வந்து கையிலயும் முகத்திலயும் நிக்கும். ஈரலைப் பிடிச்சால் இந்த வலப்பக்கம் நோகும். மூளையைப் பிடிச்சால் வலிப்பு வரும். நஞ்சு வெளியில வந்தால்தான் எல்லாம் இறங்கத் தொடங்கும்."

என் வாழ்க்கையில் ஒரு டொக்டரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அந்த வலிப்பு, பொறகு வராதா டொக்டர்?"

"அது காக்கா வலிப்பு இல்லை. இந்த வருத்தத்தால வாறது. அநேகமாக அதோட போயிடும். ஏன் கேக்கிறீங்கள்?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தத்தைக் குறைத்துக் கேட்டார். "உங்களுக்கு வந்ததா அம்மா?"

"வந்துச்சு" என்றேன். "மொதப் புள்ளைக்கு. லொறியில கொண்டு போனாங்க. புள்ள தங்கல."

சாப்பாட்டுக் கூடையின் மூடி சத்தம் போட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மகள் திரும்பினாள். அவள் என்னைக் கேட்கவில்லை. டொக்டரைக் கேட்டாள்.

"இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க டொக்டர்?"

டொக்டர் பிள்ளை கையிலிருந்த காகிதத்தை மடித்தார். பொய் சொல்லத் தெரியாத முகம். "தாய்க்கு இருந்திருந்தால் மகளுக்கு வாற வாய்ப்புக் கூட. முதல் பிள்ளை எண்டாலும் கூட. ரெண்டும் சேர்ந்தபடியால் பன்ரண்டாம் கிழமையில இருந்து சின்ன அளவு அஸ்பிரின் தந்திருப்பம். அடிக்கடி கூப்பிட்டுப் பாத்திருப்பம். தடுத்திருக்கும் எண்டு சொல்ல ஏலாது. வாய்ப்பைக் குறைச்சிருக்கும்."

"மிஸ்ஸி கேட்டாங்க" என்றாள் மகள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "நான் பக்கத்துல இருந்தேன். மிஸ்ஸி உங்ககிட்ட கேட்டாங்க."

அதுவரை அவள் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். அன்றிலிருந்து நீங்க.

சம்பந்தியம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. "வலிப்புக்காரக் குடும்பம்னு தெரிஞ்சிருந்தா நாங்க ஏன் வந்து பொண்ணு கேக்கப் போறோம்? மறச்சுக் கட்டிக் குடுத்துட்டீங்களே சம்பந்தி. உங்க ரத்தம் என் பேரனைத் தின்னுருச்சு."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்றார் டொக்டர் பிள்ளை. இந்தத் தடவை அவர் குரலில் கொஞ்சம் காரம் இருந்தது. "நஞ்சு தாயின்ர மட்டும் இல்லை. பிள்ளையோட சேர்ந்து உண்டாகிறது. பாதி தகப்பன்ர பக்கத்தால வாறது. தகப்பனைப் பெத்தவவுக்கு இந்த வருத்தம் இருந்திருந்தாலும் வரலாம். உங்கட மகன் பிறக்கேக்க உங்களுக்கு எப்பிடி? பிரஷர் ஏதும் இருந்ததா?"

சம்பந்தியம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். "எங்க பக்கத்துல அதெல்லாம் கெடையாது டொக்டர்" என்றார்.

எட்டாம் மாதத்தில் பிறந்து இரண்டு கைக்குள் அடங்கின பிள்ளை ஏன் அப்படிப் பிறந்தது என்று நான் கேட்கவில்லை. குறைமாதத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அந்த "கெடையாது" எனக்குத் தெரியும். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்கிற அந்தக் கையையும் தெரியும். நான் அதைப் முப்பது நாற்பது வருஷமாகச் செய்துகொண்டிருந்தவள். பழிவாங்கின சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. இரண்டு கிழவிகள் இரண்டு பக்கமும் நின்று மறைத்ததில் நடுவில் ஒருத்தி வெறும் வயிற்றோடு படுத்திருந்தாள், அவ்வளவுதான்.

நோய் யாருடைய குற்றமும் இல்லை என்று டொக்டர் பிள்ளை போகும்போது மறுபடி சொன்னார். என் கையையும் தொட்டுவிட்டுப் போனார். அது சரி. வேர் போகாதது யாருடைய குற்றமும் இல்லை. கேட்ட கேள்விக்குத் தலையை ஆட்டினது யார் குற்றம்? வளைகாப்பன்று குழி விழுந்த கையைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் தடவினது யார்? அதற்கு அவர் மருந்து சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காக்கா வலிப்பு இல்லாத ஒன்றைக் காக்கா வலிப்பு என்று நினைத்து ஒளித்திருக்கிறேன். ஒளிக்கத் தேவையே இருந்திருக்கவில்லை. இதைவிடக் கசப்பானது வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மகள் மறுபடி உண்டானாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. மருமகன்தான் ஒருநாள் போனில் வாய்தவறிச் சொன்னார். பதிவு நாள் எது என்று கேட்டுக்கொண்டேன். அன்று காலையில் நானாகவே கிளினிக்குக்குப் போய் வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன். மகளும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். மகள் என்னைப் பார்த்துவிட்டு நடுவில் உட்கார்ந்தாள். அதே மிஸ்ஸிதான்.

அவர் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வாங்கில் இருந்த பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். "மிஸ்ஸி, எழுதுங்க. எனக்கு மொதப் புள்ளைக்கு எட்டாம் மாசத்துல பிரஷர் கூடி ரெண்டு தரம் வலிப்பு வந்துச்சு. புள்ள செத்துப் போச்சு. ரெண்டாவதுக்கும் பிரஷர் இருந்துச்சு. போன தடவ நான் சொல்லல."

மிஸ்ஸி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி அம்மா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு எழுதினார். பிறகு சம்பந்தியம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்ல மிஸ்ஸி."

கோடு போட்டார். எனக்கு அந்தக் கோட்டைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அது என் வாயிலிருந்து வரவேண்டிய பதில் இல்லை.

இந்தத் தடவை அஸ்பிரின் கொடுத்தார்கள். கல்சியமும் கொடுத்தார்கள். கிளினிக் நாளை மகள் ஒன்றைக்கூட விடவில்லை. ஏழாம் மாதம் சம்பந்தியம்மா நாள் பார்க்கத் தொடங்கியபோது, "வளையல் வேணாம் அத்த. எனக்கு வளையல் வேணாம்" என்று ஒரே சொல்லில் நிறுத்திவிட்டாளாம். ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் பிரஷர் ஏறத்தான் செய்தது. உடனே வாட்டில் வைத்து, ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. நிறை குறைவு. ஆனால் அழுதது. நான் வாட்டுக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. நான் போனால் பிள்ளையை மடியில் தருகிறாள், தேத்தண்ணீர் தருகிறாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஞாபகப்படுத்துகிறாள். அவளுக்கும் இப்போது மாத்திரை இருக்கிறது. இந்த வருத்தம் வந்த தாய்மாருக்குப் பின்னாளில் பிரஷரும் இருதய வருத்தமும் வரக் கூடுதல் வாய்ப்பு உண்டு என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய மாத்திரை அட்டையும் என்னுடையதும் ஒரே நிறம்.

போன மாதம் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டே சொன்னாள்: "இவளுக்கும் ஒருநாள் கல்யாணம் ஆகும். இவகிட்டயும் ஒரு மிஸ்ஸி கேப்பாங்க. அப்ப நீங்க இருக்க மாட்டீங்க, நான் இருப்பேனோ தெரியாது. உங்க வாயை நம்ப ஏலாது. எழுதி வைங்க."

அதனால்தான் எழுதினேன். என் பேத்தி வளர்ந்து இதைப் படிப்பாள் என்றால் அவளுக்குச் சொல்ல வேண்டியது, உன் அம்மாவுக்கு இருந்தது, அம்மாவின் அம்மாவுக்கும் இருந்தது, அதைக் கேட்கிறவர்களிடம் கேட்கிற அன்றே சொல்லிவிடு என்பதுதான். உன் அப்பாவின் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மேலே எழுதியிருக்கிறேன். எட்டாம் மாதம் என்று அந்த அம்மாவே சொன்னது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

வேர், குழாய், கிழமைக் கணக்கு, மருந்தின் பெயர் எல்லாம் ஒரு தடவை காதால் கேட்டது. தப்பாக எழுதியிருப்பேன். படித்தவர்கள் யாராவது, முடிந்தால் ஒரு டொக்டர், இதைப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும். என்னை லொறியில் கொண்டுபோன அந்த ஆஸ்பத்திரியின் பழைய புத்தகங்கள் எங்கேயாவது இருந்தால் அதிலும் பார்க்கச் சொல்லி யாரையாவது கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எத்தனை தடவை இழுத்தது, பிரஷர் எவ்வளவு இருந்தது என்று அதில் எழுதியிருப்பார்கள். என்னிடம் இருந்த துண்டை நான் எரித்துவிட்டேன். என் முதல் பிள்ளை ஆணா பெண்ணா என்பதும் அந்தப் புத்தகத்தில் இருக்கும். இருந்தால் அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.